நாலாவது ஆள் யார்?

கூட்டாக ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் குர்லாவின் ஒற்றை அறை வீடுகளுக்குள்ளும் முன்பின் தெரியாதவர்களை அழைத்து வருகின்றன. சட்டங்கள் வருகின்றன, தடைகள் வந்து போகின்றன. பெற்றோர் என்ன செய்ய முடியும்?

மாலை ஏழு மணி. குர்லா கிழக்கில், நேரு நகரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கீழே அம்மா மறுநாளைக்கு இட்லி மாவு அரைத்துக்கொண்டிருக்கிறார். மேலே, மும்பைவாசிகள் 'மாளா' என்று சொல்லும் பரணில், பன்னிரண்டு வயது மகன் காதில் இயர்போனுடன் குப்புறப் படுத்திருக்கிறான். "பாய், பீச்சே தேக்! பீச்சே!" என்று திடீரென்று கத்துகிறான்.

"யாருலே அது?" என்கிறார் அம்மா, கிரைண்டர் சத்தத்துக்கு மேலாக.

"எங்க ஸ்குவாடும்மா."

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் வாழும் குடும்பம். (குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.) அப்பாவுக்கு சி.எஸ்.டி. சாலையில் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. 'ஸ்குவாட்' என்றால் நான்கு பேர் கொண்ட அணி என்பது அம்மாவுக்குத் தெரியும். அதில் ஒருவன் மகன். இன்னொருவன் அடுத்த வரிசை வீட்டுப் பையன். மூன்றாவது ஆள் பள்ளித் தோழன். நாலாவது?

"தெரியாதும்மா. லக்னோன்னு சொன்னான். சூப்பரா ஆடுவான்."

நாலாவது ஆளுக்கு வயது என்ன, உண்மையில் எந்த ஊர், பையனா பெரியவரா என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. திரையில் தெரிவது ஒரு சிங்கத்தின் படமும் பெயருக்குப் பின்னால் சில எண்களும் மட்டுமே. ஆனால் மூன்று மாதங்களாக தினமும் மாலையில் அவன் இந்த வீட்டுப் பரணில் பேசிக்கொண்டிருக்கிறான்.

தெருவிலிருந்து திரைக்கு

குர்லாவில் ஒரு பையனை வெளியே விளையாட அனுப்புவது லேசான காரியமல்ல. மத்திய ரயில்வேயும் ஹார்பர் லைனும் சந்திக்கும் நிலையம், அதற்குச் சற்றுத் தள்ளி வெளியூர் ரயில்கள் வந்து போகும் லோக்மான்ய திலக் டெர்மினஸ், நெரிசலுக்குப் பேர்போன எல்.பி.எஸ். மார்க், இடைவெளி விடாத கட்டடங்கள். கிரிக்கெட் ஆடுவதென்றால் நிறுத்தி வைத்த ஆட்டோக்களுக்கு நடுவில்தான். அதனால் பையன் வீட்டுக்குள் போனுடன் இருந்தால், 'கண் முன்னால் இருக்கிறான்' என்ற நிம்மதி பெற்றோருக்கு.

போன் வந்த கதையும் எல்லா வீடுகளிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் போனில் வந்தது. கடன் வாங்கி, தவணை கட்டி வாங்கினார்கள். பள்ளிகள் திறந்த பிறகும் போன் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது.

தொண்ணூறுகளில் இதே மும்பையின் சந்துகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பார்லர்கள் இருந்தன. பையன் அங்கே போகிறான் என்று தெரிந்தால் வீட்டில் அடி விழும். ஆனாலும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்று அந்தப் பக்கத்து ஆளை எட்டிப் பார்க்க வழியில்லை.

ஒரு நடிகர் வீட்டில்

இந்த அபாயம் படிக்காத வீடுகளுக்கும் நெரிசலான குடியிருப்புகளுக்கும் மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபரில் மும்பையில் மாநிலக் காவல்துறைத் தலைமையகத்தில் நடந்த சைபர் விழிப்புணர்வு நிகழ்ச்சியில் ஹிந்தி நடிகர் அக்ஷய் குமார் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவரது மகள் ஆன்லைனில் முன்பின் தெரியாத ஒருவருடன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். எதிர்முனையிலிருந்து வந்த செய்திகள் முதலில் மரியாதையாகத்தான் இருந்தன. நன்றாக ஆடுகிறாய் என்ற பாராட்டு. எந்த ஊர் என்ற விசாரிப்பு. பிறகு, நீ ஆணா பெண்ணா என்ற கேள்வி. பெண் என்று பதில் போனதும் அடுத்து வந்தது, நிர்வாணப் படம் அனுப்ப முடியுமா என்பது.

சிறுமி உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தாயிடம் போய்ச் சொன்னாள். மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் இருந்த அந்த மேடையிலேயே, ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வாரம் ஒரு 'சைபர் பீரியட்' வேண்டும் என்று நடிகர் கோரிக்கை வைத்தார்.

செய்தித்தாள்களில் தலைப்பானது அந்தக் கடைசிக் கேள்வி. பெற்றோர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய மூன்றையும்தான். பாராட்டு, ஊர், பாலினம். எந்தக் குழந்தையும் தயங்காமல் பதில் சொல்லக்கூடிய சாதாரணப் பேச்சு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சிறுமியைக் காப்பாற்றியது போனில் இருந்த எந்தப் பூட்டும் இல்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா தன்னைத் திட்டமாட்டார் என்ற தைரியம் அவளுக்கு இருந்தது.

வலை விரிவது எப்படி?

பப்ஜி, அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டங்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. விமானத்திலிருந்து பலர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். பப்ஜியில் நூறு பேர். ஆயுதங்களைத் தேடி எடுத்து ஒருவரையொருவர் சுட வேண்டும். ஆட்டக் களம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு இருப்பவர் அல்லது இருக்கும் அணி வென்றதாகக் கணக்கு. அணியில் ஆள் குறைந்தால் எங்கோ ஆடக் காத்திருக்கும் ஒருவரை விளையாட்டே கொண்டுவந்து சேர்த்துவிடும். நாலாவது ஆள் அப்படித்தான் வருகிறார். ஆடும்போது பேசிக்கொள்ள மைக் உண்டு. ஆட்டம் முடிந்ததும் 'நண்பராகச் சேர்' என்று ஒரு பொத்தான். தமிழில் அந்நியர் என்ற சொல்லுக்கும் நண்பர் என்ற சொல்லுக்கும் நடுவே பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. இங்கே அந்தத் தூரம் ஒரு விரல் அழுத்தல்.

சேர்பவர்களில் பெரும்பாலோர் ஆட வந்தவர்கள்தான். கெட்ட எண்ணத்துடன் வருபவரின் வழிமுறை மட்டும் எந்த விளையாட்டிலும் மாறுவதில்லை. முதலில் உதவி, பாராட்டு. பிறகு பரிசு: விளையாட்டுக்குள் விற்கும் உடையோ துப்பாக்கிக்கான அலங்காரமோ. அதற்குப் பெரிய விலையில்லை. ஆனால் அது இல்லாத பையனை மற்றவர்கள் கேலி செய்யும் உலகம் அது. அடுத்து, "இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா" அல்லது இன்ஸ்டாகிராமுக்கு, டிஸ்கார்டுக்கு. பிறகு, "வீட்டில் சொல்லாதே." கடைசியாக ஒரு படம். படம் கிடைத்த மறுநிமிடம் குரல் மாறும். பணம் கொடு, இன்னொரு படம் கொடு, இல்லையேல் இதை உன் பள்ளிக் குழுவில் போடுவேன்.

இந்தப் படிகளில் பெற்றோர் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியவை இரண்டு. காசு கொடுக்காமல் வந்த பரிசு. விளையாட்டை விட்டு வேறு செயலிக்கு மாறிய பேச்சு.

பத்து லட்சமும் ஒரு குகையும்

இன்னொரு அபாயம் பணம். 2021 ஆகஸ்டில் மும்பை ஜோகேஸ்வரியைச் சேர்ந்த 16 வயதுப் பையன் பப்ஜி விளையாட்டுக்காகத் தாயின் வங்கிக் கணக்கிலிருந்து சுமார் ரூ 10 லட்சம் செலவழித்துவிட்டான். விஷயம் தெரிந்து பெற்றோர் கண்டித்ததும், கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். அந்தேரியில் மகாகாளி குகைகள் பகுதியில் அவனைக் கண்டுபிடித்துப் போலீசார் வீட்டில் ஒப்படைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பஞ்சாபின் கரார் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன் ரூ 16 லட்சம் செலவழித்த செய்தி வந்தது.

இத்தனை பணம் வெளியே போனது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கிறோம். வங்கியுடன் இணைந்த எண் உள்ள போன் பிள்ளையின் கையில் இருந்தால், ஓ.டி.பி.யும் அங்கேதான் வரும். பணம் எடுக்கப்பட்டதாக வரும் குறுஞ்செய்தியும் அங்கேதான் வரும், அழிக்கவும் படும். போன் வாங்கிய அன்று அட்டை விவரத்தைப் பதிந்து வைத்ததைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மறப்பதில்லை. போதாக்குறைக்கு, "இலவசமாக யூசி, டைமண்ட் தருகிறோம்" என்று போலி இணைப்புகள் அனுப்பும் மோசடிக்காரர்களும் இதே விளையாட்டுகளைச் சுற்றித்தான் திரிகிறார்கள்.

ஜோகேஸ்வரிப் பையனின் கதையில் பணத்தைவிடக் கவலை தருவது அவன் வீட்டை விட்டுப் போனதுதான். வீட்டின் கோபத்தைவிடக் குகை மேல் என்று ஒரு சிறுவனுக்குத் தோன்றியிருக்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான்.

குர்லாவுக்கும் இப்படி ஒரு துயரம் உண்டு. 2019 பிப்ரவரியில் நேரு நகர்ப் பகுதியில் பதின்வயதின் முடிவில் இருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பப்ஜி ஆடுவதற்கு ஏற்ற விலையுயர்ந்த போனை வீட்டில் வாங்கித் தராததே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. ஓர் உயிர் போவதற்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது. போன் பற்றிய சண்டைக்கு அடியில் சொல்லப்படாத வேறு துயரங்கள் இருக்கக்கூடும். ஒரு பிள்ளை தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு விலகுகிறான் என்றால் அவனுக்கு உதவி தேவைப்படுகிறது என்று அர்த்தம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது.

தடை, மீண்டும் தடை

தடை செய்துவிட்டால் என்ன? 2019 தொடக்கத்தில் மும்பையைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனே தன் தாய் மூலம் பப்ஜியைத் தடை செய்யக் கோரி மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனான். விளையாட்டை ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அதே ஆண்டு குஜராத்தில் ராஜ்கோட் போலீசார் தடை உத்தரவு போட்டு, ஆடிய கல்லூரி மாணவர்களைக் கைதும் செய்தார்கள்.

நாடு தழுவிய தடை 2020 செப்டம்பர் 2ஆம் தேதி வந்தது. தடையான 118 சீனத் தொடர்புள்ள செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியும் போனது. ஆனால் அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் திருட்டும். குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லை. 2021 ஜூலையில் தென்கொரிய நிறுவனமான கிராஃப்டன் அதையே பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் அகற்றப்பட்டது. 2023 மே மாதம் திரும்பி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. அதன் இன்னொரு வடிவத்தைப் பிள்ளைகள் தொடர்ந்து ஆடினார்கள். ஒவ்வொரு தடையின்போதும் பிள்ளைகள் வேறு ஆட்டத்துக்கு மாறினார்கள். பெற்றோர்தான் புதிய பெயரைக் கற்க வேண்டியிருந்தது.

கிராஃப்டன் 2021இல் அறிவித்த விதிகளின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோரின் தொலைபேசி எண்ணைத் தர வேண்டும். நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம். ஒரு நாளில் ரூ 7,000க்கு மேல் செலவழிக்கக் கூடாது. குர்லாவின் பல வீடுகளில் ரூ 7,000 என்பது ஒரு மாத வாடகையின் பெரும் பகுதி!

சீனா 2021 ஆகஸ்டில் இன்னும் கடுமையாகப் போனது. சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை. தென்கொரியாவோ 2011இல் நள்ளிரவு ஆட்டத்துக்குப் போட்ட தடையைப் பத்தாண்டு அனுபவத்துக்குப் பின் 2022 தொடக்கத்தில் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்ற விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் அமலில் உள்ளது. ஆடும் எல்லோரும் நோயாளிகள் என்று அது சொல்லவில்லை. மற்ற எல்லா வேலைகளையும் விளையாட்டு விழுங்கிவிட்டு, அந்த நிலை வழக்கமாக ஓராண்டாவது நீடித்தால்தான் நோய் என்கிறது.

சட்டத்தின் கை

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியபோது, "இனி எல்லா ஆன்லைன் கேமும் பந்த்" என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ரூ 1 கோடி வரை அபராதம். பந்தயப் பணம் இல்லாமல் பிள்ளைகள் கூட்டாக ஆடும் ஆட்டங்கள் அதன் தடைக்குள் வரவில்லை.

குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு இணையத் தொடர்புக்கு இழுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் பாயும். 2023இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் தகவலைப் பெறப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. படிப்படியாக அமலுக்கு வர 2027 வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

விளையாட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்தைத் தமிழ்நாடு 2021இல் பார்த்தது. பப்ஜி ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டிய மதன் என்பவர், அதில் ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் ஜூன் மாதம் தர்மபுரியில் கைது செய்யப்பட்டார். பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். மகன் விளையாடவில்லை, 'சும்மா பார்க்கிறான்' என்று விட்டுவிட்ட பெற்றோரை அதிரவைத்தது அந்த வழக்கு.

நிறுவனங்களின் பொறுப்பு என்ன? ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் வைத்த புகார்களில் முக்கியமானது, குழந்தைகளுக்கும் அந்நியருடன் பேசும் வசதி தொடக்கத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பது. வேண்டாம் என்றால் தேடிப் போய் மூட வேண்டும். எந்தக் குழந்தை தேடிப் போகும்? குர்லாவில் எந்தத் தாய்க்கு அந்த ஆங்கிலப் பட்டியலில் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்?

வீட்டில் செய்யக்கூடியவை

பெரிய கணினி அறிவு எதுவும் தேவையில்லை.

மைக்: விளையாட்டின் 'செட்டிங்ஸ்' பகுதியில் குரல், எழுத்து உரையாடலை அணைக்கலாம். பல ஆட்டங்களில் தெரிந்த நண்பர்களோடு மட்டும் என்று சுருக்கலாம், ஒரே ஒருவரை மட்டும் ஊமையாக்கவும் முடியும். எங்கே என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள்.

இயர்போன்: வீட்டில் ஆடும்போது கூடாது. எதிர்முனைக் குரல் எல்லோருக்கும் கேட்கட்டும்.

பெயர்: சொந்தப் பெயர், பள்ளி, பேட்டை, சீருடைப் படம் எதுவும் விளையாட்டுக் கணக்கில் வேண்டாம். பிறந்த ஆண்டை மட்டும் உண்மையாகப் போடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் சிறுவர்களுக்கான பாதுகாப்புகள் கழன்றுவிடும்.

பணம்: வங்கியுடன் இணைந்த எண் பிள்ளையின் போனில் வேண்டாம். பதிந்து வைத்த அட்டையை நீக்குங்கள். கூகுளின் இலவசச் செயலியான ஃபேமிலி லிங்க் மூலம், கூகுள் வழியாக வாங்கும் எதற்கும் உங்கள் அனுமதி தேவைப்படும்படி செய்யலாம்.

நேரம்: பப்ஜி வகையில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் போகும். நடுவில் போனைப் பிடுங்கினால் அணி தோற்கும், பையன் நண்பர்களிடம் கெட்ட பேர் வாங்குவான், சண்டை வரும். எத்தனை நிமிடம் என்பதைவிட எத்தனை ஆட்டம் என்று தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்வது எளிது.

தவறு நடந்துவிட்டால் முதல் வார்த்தை திட்டாக இருக்கக் கூடாது. மிரட்டுபவருக்குப் பணம் தர வேண்டாம், தந்தால் மீண்டும் கேட்பார். உரையாடலையும் அந்தக் கணக்கின் பெயரையும் அழிக்காமல் பதிந்து வைத்துவிட்டுப் பிறகு தடை செய்யுங்கள். குழந்தையின் படத்தை 'பாருங்கள், அநியாயத்தை' என்று உறவினர் குழுவில்கூடப் போடக் கூடாது. அதுவே குற்றம். பண மோசடி என்றால் தாமதமின்றி 1930. மத்திய உள்துறையின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் புகார் செய்யலாம். குழந்தை தானே பேச விரும்பினால் 1098. படம் பரவும் என்ற பயம் இருந்தால், 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை, படம் போனை விட்டு வெளியே போகாமலே அதன் அடையாளக் குறியை உருவாக்கி, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் தளங்களில் அதைக் கண்டு அகற்ற உதவுகிறது.

மறுபடி பரணுக்கு

ஒரு வாரம் கழித்து அதே வீடு. பையன் பரணிலிருந்து இறங்கி வாசல்படியில் உட்கார்ந்து ஆடுகிறான். இயர்போன் ஆணியில் தொங்குகிறது. சுலபமாக நடக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருந்தானாம்.

நாலாவது ஆளை நீக்க அவன் சம்மதிக்கவில்லை. "அவன் போயிட்டா நாங்க தோத்துருவோம்மா" என்று அழுதிருக்கிறான். "ஆடட்டும். பேச்சு மட்டும் வேண்டாம், ராசா" என்று சமாதானம் செய்திருக்கிறார் அம்மா. ஊமையாக்கும் பொத்தானை மகன் காட்டிக் கொடுக்க, அழுத்தியது அம்மாதான். அப்படியே ஒரு ஆட்டம் ஆடியும் பார்த்திருக்கிறார்.

"குதிச்ச ரெண்டாவது நிமிஷம் சுட்டுட்டானுவ" என்று சிரிக்கிறார். "இவன் விழுந்து விழுந்து சிரிக்கான். ரொம்ப நாளைக்கு அப்புறம் எங்கூட உக்காந்து சிரிச்சான்."

நாலாவது ஆள் இன்னும் அணியில் இருக்கிறார். லக்னோவில் இன்னொரு வீட்டுப் பரணில் படுத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனாகவே இருக்கலாம். அந்தப் பையனின் அம்மாவும் இந்தக் குர்லாக்காரன் யார் என்று கேட்டிருந்தால் நல்லது.